நீலகிரியும் பெங்களூரும்

ஒப்பாரியின் நடுவே பக்கத்து வீட்டுப் பாவாயி மூன்றாம் முறையாக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைச் சென்னியம்மாள் கண்டாள். துக்கத்தால் பொத்தினாளெனில் கண்ணையன்றோ பொத்தியிருக்க வேண்டும்?

எருமப்பட்டிச் சந்தையில் இருபதாண்டுக் காலம் உருளைக்கிழங்கு விற்ற சென்னியம்மாளின் கணவர் குழந்தைவேல், ஒரு வாரக் காய்ச்சலுக்குப்பின் அன்று விடியற்காலையில் காலமாகி, கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். அவருடைய தமையன் சின்னுசாமி காற்றை இருமுறை முகர்ந்து, தீர்ப்புரைக்கும் நீதிபதியைப் போலத் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, இனிப் பொணத்த வெச்சிருக்கப்படாது. வாடை வந்துருச்சு. எடுத்தர்லாம்."

"ஏனுங் மாமா, தெய்வநாயகி வர வேண்டாமுங்களா? தம்மம்பட்டியில இருந்து பொறப்பட்டிருப்பாளுங்க."

"கரிபஸ்ஸுலதான வாரா? கரிப்பொகையில ஓடற வண்டி, மேடு கண்ட எடத்துலயெல்லாம் படுத்துக்குமே!"

ஒரே மகள். தகப்பன் முகத்தைக் காணாமல் அவள் இவ்வீட்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்தவுடனே சென்னியம்மாளுக்கு வீட்டுக் குறையைச் சொல்லும் நாணம் அகன்றது.

"மாமா, அது அவிய வாடை இல்லீங்க. கெழங்கு வாடைங்க."

"செத்த ஊட்ல கெழங்கு மேல பழி போடறியா?"

"பெங்களூர்க் கெழங்குங்க. நீலகிரியா இருந்தா இப்பிடி அடிக்காதுங்க."

கூடத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாற்றப்பட்டது.

"செரி. பாடை கட்டி முடியற மட்டும் பாக்கறேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது" என்றார் சின்னுசாமி.

பிணத்தருகே இருக்க வேண்டியவள் எழுந்து, கிழங்கு வைக்கும் இருட்டறைக்குள் புகுந்தாள். ஆற்றுமணல் பரப்பிய தரையில் இரண்டு இனமும் எதிரெதிரே கிடந்தன. நீலகிரிக் கிழங்கு செம்மண் ஒட்டிய தோலுடன் மூன்று மாதமும் கிடக்கும். வறுத்தால் விறைப்பாக நிற்கும். பெங்களூர்க் கிழங்கோ மசியலுக்கு வெண்ணெய். ஆயினும் வெக்கை பொறாது. ஒன்று அழுகினால் பக்கத்திலுள்ள பத்தையும் கெடுத்துவிடும். ஆகவே குழந்தைவேல் வாரம் இருமுறை முகர்ந்து பொறுக்குவார். அவளை அண்டவிடார். "உன்ற மூக்கு மோர்க்கொழம்புக்குத்தான் லாயக்கு" என்பார். இவ்வாரம் பொறுக்குவாரில்லை.

அவள் மணலில் கைவிட்டுத் துழாவினாள். துணைக்கு வந்த பாவாயி, எடுத்த ஒப்பாரியை நடுவில் விடலாகாது என்னும் கொள்கையினள்.

"என்னப் பெத்த ராசா... இது பச்சை புடிச்சிருக்குதக்கா... எங்கள உட்டுப் போனீங்களே... இத என்ன பண்ட்டும்?"

"தனியாப் போடு. கறிக்கு ஆகாது."

"தங்க மகராசா... இது மொளை உட்டிருக்குதே..."

"மொளையக் கிள்ளீட்டு அந்தப் பக்கம் வையி. வெரசலாப் பாரு!"

வெளியே மூங்கில் வெட்டும் ஓசை நின்று, கயிறு இறுக்கும் ஓசை கேட்டது. சென்னியம்மாள் சுவரோரம் வரை கையை நீட்டினாள். அங்கே ஒரு கிழங்கு அவள் விரல்களை மெத்தென்று உள்வாங்கிக்கொண்டது.

அதனை இரு கைகளிலும் ஏந்திவந்து, அவள் சின்னுசாமியின் மூக்கருகே நீட்டினாள். அவர் ஆராயும் பொருட்டு ஆழ முகர்ந்தார். அன்று முழுதும் வறண்டிருந்த அவர் கண்களினின்று நீர் தாரையாகப் பெருகிற்று. பெரியவரே கலங்கிவிட்டாரென்று எண்ணிய பெண்டிர் ஒப்பாரியை ஓங்கி எடுத்தனர்.

"கொண்டுபோய்க் குப்பையில போடு ஆத்தா!" என்று கதறிய அவர், வாசலை நோக்கி, "பாடைய நெழல்ல வெய்யுங்கப்பா. புள்ள வரட்டும்" என்றார்.

நான்கு மணிக்குக் கரிபஸ் வந்தது. தெய்வநாயகி ஓடிவந்து தகப்பனின் முகத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி வைத்து அழுதாள். சென்னியம்மாளும் குனிந்தாள், கிழங்கு வாடை அடித்த தன் கைகளைப் பார்த்தாள், நிமிர்ந்து புழக்கடைத் தொட்டிக்குச் சென்றாள்.

"அம்மிணி, எடுக்கப் போறம், வா சாமி" என்று சின்னுசாமி அழைத்தார்.

"வாரேனுங்க."

ஒரு சொம்பு ஊற்றிச் சாம்பலால் தேய்த்து முகர்ந்தாள். வாடை போயிருந்தது. மீண்டும் ஒரு சொம்பு மொண்டு, எடுக்கும் நேரத்தை ஒத்திப்போடுவாள்போல மெல்ல ஊற்றினாள்.