ஷீப் அட்டை

அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு மாதிரி வகுப்பு எடுக்க வந்த யாரும் பாதியைத் தாண்டியதில்லை. காரணம், கடைசி பெஞ்சில் உட்காரும் முதலாளி. ஆசிரியர் வாயைத் திறந்ததும் "ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்குவார். அப்புறம் வகுப்பு அவருடையது.

இன்று வகுப்பெடுக்க வந்தவளை ரிசப்ஷன் பெண் முன்கூட்டியே எச்சரித்தாள். "மேடம், முதலாளி குறுக்க பேசிட்டே இருப்பார். அழாம வெளிய வந்தா அதிசயம்."

"அழறதுக்கெல்லாம் நேரமில்லம்மா."

உண்மைதான். வேலை கிடைத்தால் தனி வீடு. இல்லாவிட்டால் மறுபடி அக்கா வீட்டு சோபா, அத்தானின் பெருமூச்சு.

உள்ளே போனவள் போர்டைத் தொடவே இல்லை. முதலாளி உட்பட ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சொல்.

"இப்ப நீங்கதான் அந்த வார்த்தை. பன்மை ஆகணும். 'எஸ்' மட்டும் போதும்னா ஜன்னல் பக்கம். 'இஎஸ்' வேணும்னா கதவுப் பக்கம். உருவமே மாறுதுன்னா என் பக்கம். மாறாத வார்த்தை அசையவும் கூடாது, பேசவும் கூடாது. பேசினா அவுட்."

படிக்க வந்திருந்தவர்களில் ஒரு டிரைவர் 'பஸ்' அட்டையோடு ஜன்னலை நோக்கி நடந்தார்.

"அண்ணே, ராங் ரூட்," என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ். "பஸ்ஸஸ். கதவுப் பக்கம் போங்க."

"உனக்கு என்ன வந்துச்சு?"

"டூத்."

"அப்ப பல்லைக் காட்டாம டீச்சர்கிட்ட போ."

கடைசி பெஞ்சில் கை உயர்ந்தது. "ஒரு நிமி..."

வகுப்பே திரும்பியது. அவர் கையில் 'ஷீப்'.

"சார், ஒத்தையா நின்னாலும் மந்தையா வந்தாலும் ஷீப் ஷீப்தான்," என்றாள் தையல்கார அக்கா. "பேசினா அவுட்."

கை மெல்ல இறங்கியது. பீஸ் கட்டியவர்கள் முன்னால் எந்த முதலாளி அவுட் ஆவார்?

சிறிது நேரத்தில் அதே தையல்கார அக்கா 'சைல்ட்' அட்டையோடு ஜன்னலோரம் போய் நின்றாள். முதலாளி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சரும் பேசவில்லை. கதவுப் பக்கமிருந்து டிரைவர்தான் சொன்னார். "சில்ட்ரன் ஆச்சே அக்கா, இடம் மாறுங்க."

மணி அடித்தது. யாரும் கிளம்பவில்லை, அட்டைகளை மாற்றி இன்னொரு சுற்று கேட்டார்கள்.

அது முடிந்ததும் முதலாளி அருகே வந்தார். "ஷீப் எனக்குத் தற்செயலா வந்ததா?"

"இல்ல சார். உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்."

"பேசினா அவுட்ங்கற விதி?"

"அது ரிசப்ஷன்ல காத்திருந்தப்ப யோசிச்சது."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு எனக்கு வேற வார்த்தை கொடுங்க."

"பேசாம இருந்தா யோசிக்கறேன்."

வாய்விட்டுச் சிரித்தவர் ரிசப்ஷன் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு வகுப்புச் சாவியைக் கொடும்மா."

படியிறங்கும்போதே தன் அக்காவுக்கு போன் போட்டாள். "அத்தான்கிட்ட சொல்லிடு. சோபா காலி."