மாறிப்போன இரண்டு வயிறுகள்

2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாவது வியாழக்கிழமையிலிருந்து காயத்ரி சாப்பிட்டால் வெண்மதிக்கு வயிறு நிறைந்தது. வெண்மதி சாப்பிட்டால் காயத்ரிக்கு நிறைந்தது. ருசி மட்டும் அவரவர் நாக்கிலேயே தங்கியது. இருவருக்கும் அப்போது பதினொரு வயது. கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பில், ஒரே பெஞ்சு. காயத்ரி ஊர்த்தெருப் பெண், பன்னிரண்டு ஏக்கர் கொளஞ்சியப்பனின் ஒரே மகள். வெண்மதி காலனிப் பெண், அந்தப் பன்னிரண்டு ஏக்கரிலும் நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்த ஆண்டியின் மகள். அன்று மதியம் காயத்ரி தன் தயிர்சாதத்தை வெண்மதியிடம் தள்ளிவிட்டு அவளுடைய சத்துணவு முட்டையைத் தின்றாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு காயத்ரி நெய் விட்டு நாலு தோசை சாப்பிட்டதும், காலனியில் வெண்மதி ஏப்பம் விட்டு, "எனக்கு வேணாம்மா" என்று படுத்துவிடுவாள். அவள் சாப்பிடாததால் காயத்ரிக்குப் பசி அடங்காது. அடங்காததால் இன்னும் இரண்டு தோசை. வெண்மதிக்கு மூச்சு முட்டும். ஆறு மாதத்தில் காயத்ரி இருபத்தெட்டு கிலோவிலிருந்து இருபத்து மூன்றுக்கு வந்தாள். சிதம்பரத்தில் ஒரு டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இன்னொரு டாக்டர் அதே மாத்திரையை வேறு நிறத்தில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆண்டி வீட்டில் மாட்டுக்கறி. வயிறு நிறைந்திருந்தாலும் வெண்மதி அதை மட்டும் விடமாட்டாள். திங்கட்கிழமை காயத்ரியின் கன்னத்தில் ரத்தம் ஊறியிருக்கும். இது, தான் போட்ட எலுமிச்சை விளக்கின் பலன் என்று அம்மா மலர்க்கொடி நம்பினார். விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

2005 மே மாதம் உண்மை தெரிந்தது. படுக்கையில் கிடந்த காயத்ரி திடீரென்று மூன்று ஏப்பம் விட்டு, "லால்பேட்டையில கல்யாணம்மா. பிரியாணி சாப்புடறா" என்றாள்.

"யாருடி?"

"வெண்மதி. அவுங்க சித்தி வூட்டுக்குப் போயிருக்கா."

மலர்க்கொடி ஓர் அறை விட்டார். ஆனாலும் வெண்மதி ஊர் திரும்பிய அன்று ஆறு இட்லியைக் காலனிக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினாலாவது நிமிடத்தில் மகள் வயிறு நிறைந்து தூங்கிவிட்டாள். அதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை. எழுந்ததும் காயத்ரி சுலபமான வழி ஒன்றைச் சொன்னாள்: வெண்மதியை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் போதும், இருவரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொள்வோம்.

"சாப்பாடுதான போவணும்," என்றார் கொளஞ்சியப்பன். "ஆளு எதுக்கு வரணும்?"

ஆண்டியை மாட்டுக்கொட்டகை தாண்டி வரவிடாத கொளஞ்சியப்பன், அடுத்த நாளிலிருந்து தினம் மூன்று வேளை மொபெட்டில் நாலடுக்குக் கேரியரைக் கட்டிக்கொண்டு ஆண்டி வீட்டு வாசலுக்குப் போனார். நடவுக்கு ஆள் கூப்பிடப் போவதாக ஊரில் சொன்னார். அறுவடை முடிந்தும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், தேர்தலுக்கு அடி போடுகிறார் என்று ஊர் புரிந்துகொண்டது. 2006இல் வேறு வழியில்லாமல் வார்டு மெம்பருக்கு நின்றார். காலனி ஓட்டில் ஜெயித்தார். காலனியில் கழுவி வந்த கேரியரை மலர்க்கொடி வாசலில் வைத்துப் புளி போட்டு மறுபடி கழுவித்தான் உள்ளே எடுத்தார். மகளின் வயிற்றை எப்படிக் கழுவுவது என்பது மட்டும் யோசனையிலேயே இருந்தது.

பெண்கள் இருவரும் அதற்குள் பழகிவிட்டார்கள். சண்டை வந்தால் ஒருத்தி சாப்பிடாமல் இருப்பாள். மற்றவள் பசி தாங்காமல் வந்து பேசுவாள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று காலை பயத்தில் வெண்மதி ஒரு வாய்கூட இறக்கவில்லை. அது தெரிந்தே காயத்ரி அவளுக்காக எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, தான் காலி வயிற்றோடு போனாள். வெண்மதிக்குத் தொண்ணூற்று நாலு, காயத்ரிக்கு நாற்பத்தொன்று. வெண்மதி சிதம்பரத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். கேரியர் ஹாஸ்டல் வாசலுக்குப் போனது. 2011 டிசம்பர் தானே புயலில் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தபோதும், மெம்பர் மொபெட்டை விட்டுவிட்டு மரங்களின் மேல் ஏறி இறங்கிக் கேரியரைக் கொண்டுபோனார். வெண்மதியை அவர் வீட்டுக்குள் வா என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை.

2012 ஆவணியில் காயத்ரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கடலூர், செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் மண்டபம். முதல் பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டும்; பெண்ணுக்கு வயிறு நிறைய வேண்டும். கொளஞ்சியப்பன் வழக்கம்போலக் கேரியருக்கு ஏற்பாடு செய்தார்.

"கேரியர் வேணாங்க ஐயா," என்றாள் வெண்மதி. "ஏழு வருஷம் ஆச்சு. கல்யாணச் சாப்பாடாவது பந்தியில போடுங்க."

அவர் மச்சினர் கோவிந்தசாமியிடம் யோசனை கேட்டார். கோவிந்தசாமி அரை நாள் யோசித்தார். "உக்காரட்டும் மச்சான். கேட்டா மெட்ராஸ்னு சொல்லச் சொல்லுங்க. மெட்ராஸ்ல யாரு என்னான்னு எவனுக்குத் தெரியும்?"

இதைக் கேள்விப்பட்ட காயத்ரி வெண்மதிக்கு போன் போட்டாள். "மெட்ராஸ்னு சொன்னன்னு வெச்சுக்க, நான் ஒரு வாரத்துக்குப் பச்சத்தண்ணி தொட மாட்டேன். ஒனக்குத்தாண்டி காயும்."

"நான் உண்மையச் சொல்லி, எல்லாரும் எழுந்து போயி, ஒன் கல்யாணம் நின்னுட்டா?"

"நிக்கட்டும். நீ வெளியவும் நான் உள்ளயுமா இன்னும் எவ்ளோ நாளு சாப்புடறது?"

பந்தியில் மணமக்களுக்கு அடுத்து மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள், அவருக்கு அடுத்து வெண்மதி. சாம்பார் வந்தது. காயத்ரி சாப்பிடச் சாப்பிட வெண்மதிக்கு நிறைந்துகொண்டிருந்தது. "எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார் ரத்தினம்மாள். இலைக்கு எதிரே நின்ற கோவிந்தசாமி, "மெட்ரா..." என்று ஆரம்பித்தார்.

"இவுங்க ஊருதாங்க," என்றாள் வெண்மதி. "காலனி. ஆண்டி மவ."

வரிசையில் பதினோரு பேர் எழுந்துவிட்டார்கள். வெண்மதி கையை இலையிலிருந்து எடுத்தாள். முந்தின இரவிலிருந்து அவள் சாப்பிட்டிருக்கவில்லை. காயத்ரிக்குக் கண் இருட்டி, தலை மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தது. ரத்தினம்மாளும் எழுந்திருப்பதாகத்தான் இருந்தார். ஆனால் அவருக்கு மூட்டு வலி. இரண்டு பேர் பிடித்தால்தான் எழ முடியும். பிடிக்க வேண்டியவர்கள் முன்னாலேயே எழுந்து போயிருந்தார்கள்.

கொளஞ்சியப்பன் மகளைப் பார்த்தார். கேரியர் மண்டபத்தில் இல்லை. பரிமாறுகிறவன் கையிலிருந்து பாயச வாளியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, சம்பந்தி பார்க்க, ஊர் பார்க்க, வெண்மதியின் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"சாப்புடு புள்ள."

"நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். வெண்மதி சாப்பிட்டாள். ஐந்தாவது கைக்குக் காயத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னா சம்பந்தி இது?" என்று கேட்ட ரத்தினம்மாளிடம் கொளஞ்சியப்பன் வாளியோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று வடையை எடுத்துக்கொண்டார். எழுந்த பதினோரு பேரில் ஏழு பேர், அடுத்த பந்திக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும், திரும்ப உட்கார்ந்தார்கள்.

இப்போது கடலூரில் ரத்தினம்மாள் தினமும் உலை வைப்பதற்கு முன் ஹாஸ்டலுக்கு போன் போட்டு, பசி எப்படி இருக்கிறது என்று வெண்மதியைக் கேட்கிறார். மருமகளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரிய வேண்டுமே.