பதிமூன்று நிமிடம்

மனைவி கடைசிச் சுற்றுக்குத் திரும்புவதைப் பார்த்ததும் மைதானத்து ஓரத்தில் நின்ற தையல்காரர் கையிலிருந்த ஓட்டக் கடிகாரத்தைப் பார்த்தார். நன்றாக ஓடுகிறாள், பாவி.

எல்லாம் அந்த ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்காரர்கள் செய்த வேலை. பத்தொன்பது வயதில் அவள் போய் நின்றபோது உயரம் ஒரு விரல்கடை குறைவென்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம். கல்யாணமானவர்களுக்கு அன்று இடமே கிடையாது. மருந்துக்கடையில் பில் போட உட்கார்ந்தவள் ஆசையை மூட்டை கட்டிவிட்டாள் என்று இவரும் நிம்மதியாக இருந்தார். விட்டார்களா? உயர வரம்பைக் குறைத்தார்கள். போன வருடம் கல்யாணமானவர்களும் வரலாம் என்றார்கள். இந்த வருடம் வயதை இருபத்தெட்டு வரை ஏற்றிவிட்டு, ஓட்டத்தை மட்டும் பதினைந்து நிமிடத்திலிருந்து பதிமூன்றாக இறுக்கினார்கள். அடுத்த வருடம் அவளுக்கு அந்த வயதும் தாண்டிவிடும்.

"பதிமூணுக்குள்ள ஒரு தடவையாவது வந்தாத்தான் காலேஜுக்குப் பாரம் எழுதிக் குடுப்பேன். அங்க போய் அசிங்கப்பட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். இன்று மாலையோடு விண்ணப்பிக்கும் கெடு முடிகிறது.

மூன்று வாரமாக ஓட்டக் கடிகாரம் இவர் கையில்தான். முதல் நாள் அவள் கோட்டைத் தாண்டியதும் பொத்தானை அமுக்க விரல் தாமதித்தது தற்செயல். மறுநாள் தற்செயல் இல்லை. பத்து, பதினைந்து விநாடி. யார் குடி கெட்டுவிடப் போகிறது? ஒன்றரை வருடம் பயிற்சி, அதற்கப்புறம் எந்த மூலையில் போடுவார்களோ. காலையில் எழுந்தால் யாரைக் 'கர்னல்' என்று கிண்டல் செய்து சண்டை போடுவது? நேற்று "பதிமூணு ஒம்பது" என்று இவர் சொன்னபோது, அவள் கால் நகத்தில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். இரவெல்லாம் இவருக்குத் தூக்கமில்லை.

அவள் கோட்டைத் தாண்டினாள். முழங்காலில் கையூன்றி, தலை நிமிராமலே கேட்டாள்: "எவ்வளவுங்க?"

"பன்னெண்டு அம்பத்திரண்டு."

நிமிர்ந்தாள். இவரால் அதோடு நிறுத்த முடியவில்லை.

"நேத்தும் உள்ளதான் வந்த. முந்தாநாளும். நான்தான் லேட்டா அமுக்கினேன், கர்னல்."

"ஏன்?"

"நீ போயிடுவியே."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "லூசு" என்றாள், மெதுவாக. பிறகு கடிகாரத்துக்குக் கை நீட்டினாள்.

"ஒரு சுத்து ஓடிட்டு வாங்க."

"நானா?"

"ஆமா. தண்டனை."

செருப்பைக் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினார். கழுத்தில் மறந்துபோய்த் தொங்கிய அளவு நாடா நெஞ்சில் அடித்தது. பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்க, கை காட்டி விட்டுவிடச் சொல்லலாமென்று திரும்பிப் பார்த்தார். கடிகாரம் மண்ணில் கிடந்தது. அவள் பையிலிருந்த விண்ணப்பப் பாரத்தை மடியில் விரித்து, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.