படத்துக்குக் கீழே ஒரு பெட்டி

என் மனைவிக்குக் கண் தெரியாது. எனக்குக் காது கேட்காது என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். என் காது நன்றாகவே கேட்கும். அவள் சொல்வது மட்டும் அதில் ஏறுவதில்லை என்பது அவள் கட்சி.

எனக்கு ஒரு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. அவளுக்கு, நண்பர்கள் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் வலைத்தளம் ஒன்றை நடத்திய சிறிய நிறுவனத்தில் வேலை. கண் தெரியாதவர்கள் அந்தத் தளத்தில் தடுமாறாமல் புழங்க முடிகிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அவள் கணினியிலும் போனிலும் இருந்தது. அதற்கு ஜலதோஷம் பிடித்த குரல். மூக்கன் என்று பெயர் வைத்திருந்தாள். மூக்கன் பேசும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

“உங்களுக்குப் புரியக் கூடாதுன்னுதான் ஸ்பீடா வெச்சிருக்கேன்” என்பாள்.

அவள் சேர்ந்த புதிதில் அந்தத் தளத்தில் எங்கே தொட்டாலும் மூக்கன் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்றே சொன்னான். எந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை. தன்னைப் போலவே கண் தெரியாத ஒரு தோழிக்கு வாழ்த்து அனுப்பப் போய், அவளை நட்பிலிருந்தே நீக்கிவிட்டாள். பக்கங்களை வடிவமைத்தவருக்கு அன்றிலிருந்து ‘பொத்தான் ராஜா’ என்று பெயர். நல்ல மனிதர். பட்டப்பெயரைப் பொறுத்துக்கொண்டு ஆறே மாதத்தில் எல்லாப் பொத்தான்களுக்கும் பெயர் கொடுத்தார்.

மிச்சம் இருந்தவை படங்கள். எந்தப் படம் வந்தாலும் மூக்கன் “படம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். படம் போடுகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று எழுதினால் அதை வாசிப்பான். எழுதுவதற்கு ஒரு பெட்டியும் இருந்தது. ஆனால் மூன்று புள்ளிகளைத் தட்டி, அதற்குள் ஒன்றைத் தட்டி, அதற்கும் உள்ளே போனால்தான் கண்ணில் படும்.

“ரூமுக்குள்ள பீரோ, பீரோவுக்குள்ள லாக்கர், அதுக்குள்ள வெச்சிருக்கீங்க” என்று பொத்தான் ராஜாவிடம் சண்டைக்குப் போனாள். “படத்துக்குக் கீழேயே வைங்க.”

“அக்கா, பெட்டியப் பார்த்தாலே ஓடிடுவாங்க. யாரு உக்காந்து எழுதுவா?”

“எங்க வீட்டுக்காரர் எழுதினா ஒத்துக்குவீங்களா? அவரை விடப் பெரிய சோம்பேறி உங்களுக்குச் சிக்க மாட்டார்.”

ஒரு மாதத்துக்கு என் போனில் மட்டும் பெட்டியைப் படத்துக்குக் கீழே வைத்துப் பார்ப்பது என்று பேச்சு. நான் எழுதினால் அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் பெட்டி முன்னால் வரும். எழுதாவிட்டால் லாக்கரிலேயே கிடக்கும். அவள் என்னிடம் வாயே திறக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று மாலை அவள் சொன்னது இவ்வளவுதான்: “புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டேன். படத்துக்குக் கீழே காலியாக ஒரு பெட்டி. அதற்குள் மங்கலாக, ‘உங்கள் படத்தை அழகாக விவரியுங்கள்’ என்று ஒரு வரி. இருபது வருஷமாக அச்சுத்தாளைப் பார்க்கிறவன் காலி இடத்தைக் கண்டால் சும்மா இருப்பானா? எழுதித் தள்ளினேன். ‘மாலை வெயிலில் பொன்னாக மின்னும் எங்கள் மொட்டைமாடி.’ ‘அன்பு ததும்பும் முகங்கள்.’ அவள் ஒவ்வொன்றையும் மூக்கனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விடுவாள். சிரிப்பதற்காகத்தான் உள்ளே போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

பெட்டி வந்த இருபத்தைந்தாம் நாள் எங்கள் கல்யாண நாள். என் அக்கா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு படம் எடுத்துப் போட்டேன். ‘நானும் மனைவியும் அக்காவும். எல்லோரும் மகிழ்ச்சியாகச் சிரிக்கிறோம்.’

அக்கா கிளம்பிப் போன பிறகு, படத்துக்கு அடியில் என் சித்தப்பா ஒருவர் எழுதியிருந்ததை மூக்கன் வாசித்தான். வழக்கத்தை விட மெதுவாக வாசிக்க வைத்திருந்தாள், எனக்கும் கேட்கட்டும் என்று.

“என்னப்பா, மூத்தவ மூஞ்சி உம்முன்னு இருக்கு? சாப்பாடு சரியில்லையா?”

நான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அக்கா சிரிக்கலையா?”

“லேசா... உதடு கொஞ்சம்...”

“பிழைதிருத்துற சார், சிரிச்சாங்களா இல்லையா?”

“இல்ல.”

நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். “பன்னெண்டு வருஷமா எனக்கு எத்தனை பேரைச் சிரிக்க வெச்சிருக்கீங்க?”

பழைய படங்களையெல்லாம் எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக மறுபடி சொன்னேன். அவள் வேலையில் சேர்ந்த அன்று எடுத்த படத்தில் பின்னால் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் படத்தில் அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா அழுதாரா?” என்றாள். “ஜம்முனு சிரிச்சிட்டு நிக்கறார்னு சொன்னீங்க.”

“நீ வருத்தப்படுவியேன்னு...”

“நான் பட வேண்டிய வருத்தத்தையும் நீங்களே தின்னுட்டீங்க” என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா, சிரித்துக்கொண்டா என்று அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இதை மறைத்திருந்தால் பந்தயம் அவள் பக்கம். அவள் நேராகப் பொத்தான் ராஜாவிடம் போய், “எங்க வீட்டுக்காரர் எழுதினார், எழுதினதுல பாதி பொய்” என்று சொல்லிவிட்டாள்.

“பார்த்தீங்களா அக்கா. அப்புறம் பெட்டி எதுக்கு?”

“அழகா விவரிங்கன்னு கேட்டது உங்க பெட்டிதானே? கேட்டதைத்தான் அந்த மனுஷன் கொடுத்தார். கேள்வியை மாத்துங்க.”

என்ன கேள்வி என்று அவர் கேட்டிருக்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் பந்தயக் கதை முழுவதையும் என்னிடம் சொன்னாள். சோம்பேறி என்றதற்கு நான் முறைத்தேன். “முறைக்கிறீங்களா? எழுதி வைங்க, அப்பத்தான் எனக்குத் தெரியும்” என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் அந்த வரியைச் செய்தோம். நான் ‘தயவுசெய்து’ என்று ஆரம்பித்தேன். “கெஞ்சாதீங்க” என்று எடுத்துவிட்டாள். நான் ‘சிறப்பாக’ என்றேன். மேஜைக்கு அடியில் உதை விழுந்தது. கடைசியில் நின்றது இது: ‘இதில் என்ன இருக்கிறது? பார்க்க முடியாத நண்பருக்கு உள்ளபடி சொல்லுங்கள்.’

அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் பெட்டி படத்துக்குக் கீழே வந்தது. பொத்தான் ராஜா வீட்டுக்கு இனிப்பு டப்பாவோடு வந்தார். “டப்பா எப்படி இருக்கு?” என்று அவள் கேட்டாள். “ஓரம் நசுங்கியிருக்கு” என்றேன். “தேறிட்டீங்க” என்றாள்.

பதினொரு மாதம் கழித்து நோய் அவளைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்குத் திராணியில்லை. அவளும் விரும்ப மாட்டாள்.

அவளுடைய தளத்தில் அவளுக்கு நண்பர்கள் அதிகம், பாதிப்பேர் கண் தெரியாதவர்கள். செய்தியை எழுதி, படத்தைச் சேர்த்தேன். என்னிடம் நல்ல படம் ஒன்று இருந்தது, தலை வாரி, புதுப் புடவையில், யாரோ சொல்லிச் சிரித்தது. கீழே பெட்டி திறந்தது. ‘அமைதியான புன்னகையுடன்’ என்று எழுதினேன். வார்த்தை சரியில்லை என்று அழித்தேன். மங்கலான எழுத்தில் எங்கள் வரி மறுபடி தெரிந்தது. இதில் என்ன இருக்கிறது? பார்க்க முடியாத நண்பருக்கு உள்ளபடி சொல்லுங்கள்.

அமைதியாக அவள் என்றைக்கு இருந்தாள்?

படத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன். சமையலறையில் எடுத்தது. சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், கேமராவின் சொடுக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. “எடுத்தாச்சா? வாய் நல்லாத் திறந்திருக்கா?” என்று அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். பெட்டியில் எழுதினேன்: ‘என் மனைவி. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு காதில் இயர்போன், இன்னொன்று தொங்குகிறது. வலது கையில் கரண்டி, என்னை நோக்கி நீட்டியிருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது. சிரிக்கவில்லை. திட்டுகிறாள்.’

முதல் பதில், அவள் தவறிப்போய் நீக்கிய அந்தத் தோழியிடமிருந்து. அவள் போனை எடுத்து மூக்கனை வாசிக்கச் சொன்னேன். வேகத்தைக் குறைக்க எனக்குத் தெரியாததால் நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது.

“எதுக்குத் திட்டினான்னு போடலையே?”

‘உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டேன்’ என்று எழுதினேன். ‘அவள் கை வைத்த இடத்தில் சர்க்கரை இருந்தது.’

உடனே பதில் வந்தது. இதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துவிட்டேன்.

“அப்போ உங்களுக்கு நல்லா வேணும்.”