ஒரு விரற்கடைச் சரிகை

கடலில் மிதப்பவற்றிலேயே பொய் கலக்காத ஒரே ஜீவன் தான்தான் என்று லெப்டினன்ட் பார்னபி ட்ரூவின் நம்பினார். மீன்கள் மீதுகூட அவருக்குச் சந்தேகம் உண்டு.

“இருக்கிறதை மட்டும் வரைங்கம்மா. மருவைக்கூட விட்றாதீங்க.”

போர்ட்ஸ்மவுத்தில் பாஸ்டல் என்னும் வண்ணப்பொடிக் குச்சியால் முகம் வரையும் சுசன்னா கெட்டில்வெல் தலை நிமிரவில்லை. “மரு அப்பவே முடிஞ்சுது சார்.”

பாத் நகரத்து ஆலார்டின் மகளை இரண்டு பேர் பெண் கேட்டிருந்தார்கள்: ட்ரூவினும், அதே கப்பலில் அதே பதவியில் இருந்த ஹெக்ஸ்டும். நாளை கப்பல் கிளம்புகிறது. படங்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டார் ஆலார்ட். கடற்படையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே: கைமடிப்பில் தங்கச் சரிகை இருந்தால் கேப்டன், இல்லாவிட்டால் யாரோ. மதிய வண்டியில் இரண்டு படங்களும் போக வேண்டும்.

மூலையில் ஒரு படம் துணிக்குள் இருந்தது. அதை ஏன் மூட வேண்டும்? ட்ரூவின் அருகே போய்த் துணியைத் தூக்கினார். ஹெக்ஸ்ட். கைமடிப்பில் பளபளவென்று சரிகை.

“நினைச்சேன்! இவன் எப்பம்மா கேப்டன் ஆனான்? கனவுலயா?”

“ஆகிடுவாராம். கண்ணாடி போட்டு ஒட்டிட்டா அப்புறம் தொட முடியாது, பொடி உதிரும். அதனால இங்க எல்லாருமே முன்கூட்டியே போட்டுக்கிறாங்க. உங்களுக்கும் ஒரு கோடு இழுக்கட்டுமா?”

“எனக்கா? மஞ்சப் பொடியில பதவி வாங்குற பொழப்பு அவனுக்கு. அந்த அசிங்கம் எனக்கு வேணாம்.”

“சரிங்க சார்,” என்று அவள் மிக மரியாதையாகச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி எடுத்துவர உள்ளே போனாள்.

ட்ரூவின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார், ஆலார்ட் பார்க்கப்போவதுபோல. தன் படத்தில் மரு நன்றாக வந்திருந்தது. மருவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். படத்திலிருந்த ஹெக்ஸ்ட் தன்னையே பார்ப்பதாகத் தோன்றவே அவன்மேல் துணியைப் போர்த்தினார். பிறகு மஞ்சள் குச்சியை எடுத்து, மூச்சை அடக்கி, தன் கைமடிப்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மெல்ல இழுத்தார்.

ஹெக்ஸ்டுக்கு ஒரு வரிசைதான். அதன் கீழேயே இன்னொன்றும் இழுத்தார்.