அமுங்கியிருந்த பட்டன்

என் கணவர் சின்னதுரை சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் கையை மிஷினுக்குள் விட்டார். திண்டிவனத்தில் வேர்க்கடலையின் தொலி உடைக்கும் அதே மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். அமுக்கவில்லை, அவருடைய கவனக்குறைவு என்றார் முதலாளி.

2012இல் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஓடும் மிஷினை நிறுத்த முதலாளி விடமாட்டார். அதனால் கரண்ட் போனதும் சிக்கிய தொலியை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். முன்பெல்லாம் பட்டனை அமுக்கினால் மோட்டாருக்குப் போகும் கரண்டே அறுந்துவிடும். பிறகு விழுப்புரத்திலிருந்து ஆனந்தராஜ் என்ற இன்ஜினியர் வந்து, லினக்ஸில் ஓடும் சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டினார். பட்டனின் ஒயரைக் கழற்றி அதன் ஒரு இணைப்புப் பின்னில் கொடுத்தார். மோட்டாரை ஓட்டும் ரிலேவை இன்னொரு பின்னில் கொடுத்தார். பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று இனி சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளுமாம்.

கரண்ட் திரும்பியதும் அந்த சாஃப்ட்வேர் எழுந்து வர அரை நிமிஷம் ஆகும். அதற்குள் ரிலே தானாக மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து பெல்ட் கொஞ்சம் ஓடி நிற்கும். மாப்பிள்ளை சோம்பல் முறிக்கிறார் என்று சிரிப்போம். பட்டன் அமுங்கியிருந்தால் அதுவும் ஓடாது என்று நம்பினோம். பட்டனைப் பார்க்க வேண்டிய சாஃப்ட்வேரே அப்போது தூங்குகிறது என்று அந்த இன்ஜினியர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று அவர் கை உள்ளே இருக்கும்போதே கரண்ட் திரும்பி, பெல்ட் இழுத்துக்கொண்டது. அவரைத் தூக்கியபோதும் பட்டன் அமுங்கியேதான் இருந்தது. மேஸ்திரி சக்கரபாணி அதைத் திருகி, அமுக்காததுபோல் மேலே எழும்பவைத்துவிட்டார்.

விசாரணைக்கு மில்லுக்கே அதிகாரி வந்தார். பட்டனை அமுக்கியிருந்தால் மிஷின் ஓடவே ஓடாது என்று ஆனந்தராஜ் கூசாமல் சொன்னார். நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். பட்டனை அமுக்கினேன்.

"இப்ப கையை உள்ள வைங்க சார். மெயினை நான் போடறேன்" என்றேன் ஆனந்தராஜிடம்.

"இன்னாம்மா பேசிக்கினு இருக்கற?" என்றார் முதலாளி.

"எங்க வூட்டுக்காரரு வச்ச எடந்தானே. ஓடாதுன்றாரு இல்ல இவரு, வைக்கட்டும்."

ஆனந்தராஜ் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தார். நான் மெயினைப் போட்டேன்.

பெல்ட் ஓடியது.