கடல் பக்கம் பார்த்த கண்கள்

சண்டை ஓய்ந்தபின் கடற்கரை ஊரான உடப்பில் கட்டிய கோயில் மண்டபத்தின் நீளச் சுவரில் கண்ணனின் கதையை இருவர் வரைந்தார்கள். கடல் பக்கத்துப் பாதி வீரகத்திக்கு: சிறைப் பிறப்பு, வெண்ணெய்க் களவு, காளிங்கன். மற்றப் பாதி முன்னேஸ்வரத்திலிருந்து வந்த இளம் ஓவியன் தனஞ்சயனுக்கு. அவனுடைய கோவர்த்தன மலைக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கி, மாடும் மனிதரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

படத்தில் ஒருவருக்கும் இன்னும் கண் எழுதவில்லை. அதற்குள்ளேயே சனம் வீரகத்தியின் காளிங்கனைத் தாண்டிப்போய் அந்த மலையடியில் நின்றது. சோறு கொண்டுவந்த அவர் மனைவி ராசம்மாவும் அங்கேதான் நின்றாள்.

"கன்று தாய்க்குக் கீழ ஒதுங்கி நிக்கிறதப் பாருங்க!"

"சோத்தத் தா. ஆறுது."

கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். பார்வை மாறக்கூடாதென்று சுவர் முழுவதுக்கும் ஒரே கைதான் எழுதும். மூத்தவர் என்று கோயில் சபை அந்த வேலையை வீரகத்தியிடம் கொடுத்தது. "அண்ணனே எழுதட்டும்," என்று தனஞ்சயனும் சொன்னான். அந்தப் பணிவும் அவரைக் குத்தியது.

கண் எழுதுவதற்கென்று கட்டிய திரைக்குள்ளே தன் படங்களில் எல்லோரையும் நேராகப் பார்க்க வைத்தார். கோவர்த்தனத்துக்கு வந்ததும் ஆயர், ஆய்ச்சியர், மாடு எல்லோருக்கும் கருமணியை ஓரத்துக்குத் தள்ளித் தன் பாதிச் சுவரின் பக்கம் திருப்பினார். இத்தனை பேரும் இந்தப் பக்கம் பார்த்தால், பார்க்க வருகிற சனம் திரும்பாமல் எங்கே போகும்? கண்ணனில் மட்டும் கை வைக்கத் துணியவில்லை. நேரே பார்க்க விட்டார்.

திருவிழாக் காலையில் திரை விலகியது.

"அடேயப்பா!" என்றார் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சின்னாண்டி. "எல்லாரும் கடல் பக்கம் பாக்குறாங்க. காத்து எழும்புறதக் கண்டுட்டாங்க. மாட்டுக்கும் தெரிஞ்சு போச்சு!"

"அந்தப் பிள்ளை மட்டும் பயப்படல்ல," என்று ஒருத்தி கண்ணனைக் கும்பிட்டாள். சிலர் வாசலுக்கு வெளியே எட்டிக் கடலையே பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பக்கம் எப்பிடி?" தன் பாதியைக் காட்டி வீரகத்தி கேட்டே விட்டார்.

"நல்லம்தான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நிண்ட மாதிரி நிக்குதுகள்," என்றார் சின்னாண்டி.

தனஞ்சயன் வந்து அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, நான் மழையத்தான் கீறினன். பயத்த நீங்கதான் வச்சீங்க. எனக்கு இது தோணவேயில்ல."

"ஓம்," என்று தலையாட்டினார் வீரகத்தி.

ராசம்மா காதோடு சொன்னாள்: "அந்தக் கண்ணெல்லாம் எங்க பாக்குதெண்டு எனக்குத் தெரியும்."

"சும்மா இரு."

அவர் போய்த் தன் காளிங்கனுக்கு முன்னால் நின்றார். அங்கே நிற்க இடம் தாராளமாக இருந்தது.